நீரிறங்கு பாவுதளம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

மழைநீரைத் தெருவில் வழிந்தோட விடாமல் தன் வழியாகவே மண்ணுக்குள் அனுப்பும் தளத்துக்கு "நுண்துளை நடைபாதை" என்ற சொல் முன்வைக்கப்பட்டது. அதன் இரு பகுதிகளிலும் எனக்குத் தடை உண்டு. நடைபாதை என்றதும் நடப்பவருக்கான தெருவோரமே நினைவுக்கு வரும். வாகன நிறுத்தங்களிலும் இத்தளம் இடப்படுவதால், பாவுதல் என்னும் வினையையுடைய "பாவுதளம்" பொருந்தும்.

"நுண்துளை"தான் பெரிய சிக்கல். மணலை ஏறத்தாழ முழுவதும் தவிர்த்து, ஜல்லியைச் சிமெண்ட் பசையால் பிணைத்துச் செய்யும் இவ்வகைக் கான்கிரீட்டில் பொதுவாக 15 முதல் 25 விழுக்காடு வரை வெற்றிடம் இருக்கும்; அத்துளைகள் கண்ணுக்கே தெரியும். இடைவெளி விட்டுக் கற்களைப் பதிக்கும் முறையிலோ கல்லில் துளையே தேவையில்லை. கற்களுக்கு நடுவே நிரப்பிய சிறு ஜல்லியின் வழியாகத்தான் நீர் இறங்குகிறது. மேலும், துளை இருப்பதாலேயே நீர் கடந்துவிடாது: தெர்மாகோல் முழுவதும் வெற்றறைகளே, ஆயினும் அவை மூடியவை என்பதால்தான் அது நீரில் மிதக்கிறது. ஆகவே பெயர் இத்தளத்தின் செயலைச் சொல்ல வேண்டும்.

"நீர்புகா" வழக்கூன்றிய சொல்லாதலால் அதன் எதிராக "நீர்புகு தளம்" எனலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் தண்ணீர் புகுந்தது என்றால் வெள்ளம் வந்தது என்றே நம் காதில் விழும். வெள்ளத்தைத் தணிக்க இடும் தளத்துக்கு அப்பெயர் ஆகாது. "பொசிதளம்" எனக்கு மிகவும் பிடித்த சொல். எனினும் பொசிதல் மெல்லக் கசிவது. புதிதாக இட்ட கான்கிரீட் தளமோ ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் உள்ளே விடக்கூடியது.

எனவே "நீரிறங்கு பாவுதளம்" என்பதை முன்மொழிகிறேன். மண்ணில் தண்ணீர் இறங்குகிறது என்பதே மக்கள் பேச்சு. இறங்குதுறை போன்ற வினைத்தொகையும் நமக்குப் பழகியதே. நீரிறங்கு கான்கிரீட், நீரிறங்கு தார்த்தளம், நீரிறங்கு வீதம் எனக் கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. அடியில் நீரைத் தாங்கி வைத்துச் சிறிது சிறிதாக மண்ணுக்கு விடும் அடுக்கை "ஜல்லித் தேக்கம்" எனலாம்.

மண்துகள் படிந்து தளம் அடைபடுவதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கிணறு தூர்வது போலவே இதுவும் தூர்கிறது. உறிஞ்சும் இயந்திரத்தால் அத்துகளை அகற்றுவதைத் தூர்வாருதல் என்றே சொல்லலாமா, அல்லது அது குளத்துக்கும் கிணற்றுக்குமே உரியதாக நிற்கட்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.