எல்லா சீரியல் லைட்டையும் ஒரே நேரத்தில் அணைத்தால் கிரிட்டுக்கு என்ன ஆகும்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
கோயில் திருவிழா, கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடுகிற தொழில் என்னுடையது. போன வாரம் ஜெனரேட்டரில் ஓடும்போது பையன் முக்கால்வாசி லைட்டை ஒரே சுவிட்சில் அணைத்துவிட்டான், இன்ஜின் சத்தம் குபீரென்று ஏறி, மீதி லைட்டெல்லாம் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து அடங்கியது. ஊரே விளக்கை அணைத்தால் கிரிட்டுக்கும், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலைக்கும், இதே கதிதானா? எல்இடி வந்த பிறகு அந்தக் கவலை இல்லை என்கிறார்களே?

பதில் (நெய்வேலி, அனல்மின் பிரிவு ஓய்வு):
தம்பி, நீங்கள் பார்த்ததுதான் கிரிட்டிலும் நடக்கும், அளவுதான் பெரிது. லோடு சட்டென்று குறைந்தால் மின்சாரம் தயாரிக்கும் டர்பைன் வேகம் ஏறி, 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் மேலே போகும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே 9 நிமிடம் விளக்கை அணைத்தது ஞாபகம் இருக்கும். 12,000 மெகாவாட் சொச்சம் குறையும் என்று கணக்கு போட்டிருந்தார்கள், குறைந்ததோ 31,000-க்கு மேல்! ஆனாலும் அதிர்வெண்ணை 49.70-க்கும் 50.26 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் பிடித்துவிட்டார்கள். அனல்மின் யூனிட்டை நினைத்த மாத்திரத்தில் இறக்க முடியாது, பாய்லர் கேட்காது. நீர்மின் நிலையங்கள்தான் சில நிமிடங்களில் இறங்கி மறுபடி ஏறிக் காப்பாற்றின. அந்த ஆபரேட்டர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். முன்கூட்டியே நேரம் தெரிந்ததால்தான் அது முடிந்தது.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
எல்இடி பற்றி நான் சொல்கிறேன் அண்ணே. குண்டு பல்பு வோல்டேஜ் இறங்கினால் தானே குறைவாக இழுக்கும், அது கிரிட்டுக்கு ஒரு கைத்தாங்கல். நல்ல டிரைவர் (பல்புக்குள் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி அதே வாட்ஸுக்காகக் கரண்டைக் கூட்டி இழுக்கும், அந்த வகையில் உதவாது. ஆனால் 60 வாட்ஸ் இருந்த இடத்தில் 9 வாட்ஸ் என்றால் மொத்தத்தில் லாபம்தான். உங்கள் தொழிலில் கவனிக்க வேண்டியது நியூட்ரல். மலிவான டிரைவர்கள் கரண்டைத் துண்டு துண்டாக இழுக்கும், அதில் வரும் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸுக்கு மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் கரண்ட்) மூன்று ஃபேஸிலும் ஒன்றையொன்று ரத்து செய்யாமல் நியூட்ரலில் கூடிக்கொண்டே போகும். லோடு சமமாகத்தானே பிரித்திருக்கிறோம், நியூட்ரலில் கரண்ட் வராது என்று மெல்லிய ஒயர் போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்:
இப்போதுதான் போர்டைத் திறந்து பார்த்தேன், நியூட்ரல் ஒயர் முனையில் இன்சுலேஷன் கறுத்திருக்கிறது. ஃபேஸ் ஒயரைவிட மெலிசாகத்தான் போட்டிருந்தோம். நாளைக்கே மாற்றுகிறேன், லைட்டையும் நாலு சுவிட்சாகப் பிரித்து ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்கிறேன்.