ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

கல்லடிக்காரன்:
ஒரு விஷயம் கேட்க வேண்டும். சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் அநேகமாக வருத்தம் சுகமானது, விசா கிடைத்தது, கடன் அடைந்தது என்றுதான் சொல்கிறார்கள். நல்லதுதான், நானும் ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டுகிற ஆள்தான். ஆனால் வாரா வாரம் ஆராதனைக்குப் போய் ஒரு ஆளின் குணம், வீட்டு நடப்பு, காசு விஷயம் மாறியதை யாராவது பக்கத்தில் இருந்து கண்டிருந்தால் எழுதுங்கள். எந்தச் சபை என்றாலும் சரி. பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. நாங்கள் மெதடிஸ்த சபை. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலத்திலிருந்து இருக்கிற சபை என்று பெருமை கதைப்போம், அந்த மனிதர் அடுத்த வருஷமே இங்கே இறந்துபோனதைப் பெரிதாகக் கதைக்க மாட்டோம். சரி, அது வேறு. 2004 சுனாமியில் எங்கள் பக்கம் வீடு மட்டுமா போனது, வேலி, எல்லைக்கல், அடையாளத்துக்கு நின்ற மரம் எல்லாமே போய்விட்டது. திரும்பி வந்து வளவை அடைக்கும்போது அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் எல்லைப் பிரச்சினை. கடல் எடுக்காமல் விட்டுப்போன அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரு துண்டு மணலுக்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. ஒரே கோயில்தான், அம்மா வலது பக்க வாங்கில், சின்னம்மா இடது பக்கத்தில்.

அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனையில் ஐயர், அதாவது போதகர், ஒரு அழைப்பு வாசிப்பார். பாவத்துக்கு மனம் வருந்தி, அயலாரோடு அன்பாகவும் சமாதானமாகவும் இருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்ற கருத்தில் இருக்கும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அது வெறும் சத்தம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் சண்டைக்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் போய் முழங்காலில் நின்று வாங்கிக்கொண்டுதான் வந்தார். பிறகு ஒரு மாதம் எழும்பவில்லை. அடுத்த மாதமும் இருந்த இடத்திலேயே இருந்தார். அப்பாவுக்குக் கோபம், சனம் என்ன நினைக்கும் என்று. அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவர் அதை வாசிக்க வாசிக்க நான் எப்படி எழும்பிப் போறது?"

ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்னைச் சைக்கிளை எடுக்கச் சொல்லி சின்னம்மா வீட்டுக்குப் போனார். சின்னம்மா படலையைத் திறக்கவில்லை, உள்ளே நின்றே கேட்டார், "என்னக்கா, அளக்க ஆளோட வந்திருக்கியா?" அம்மா "இல்ல, நாளைக்குத் திருவிருந்து" என்றார். வேறு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை, இரண்டு பேரும் ஒரே ஞாயிறு பாடசாலையில் படித்தவர்கள்தானே. வேலி இன்றைக்கும் சின்னம்மா போட்ட இடத்தில்தான் நிற்கிறது. என் கணக்குக்கு அது எங்கள் வளவுக்குள் இரண்டு முழம் வந்திருக்கிறது, ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்.

சொறிக்கல்முனைப் பொடியன்:
நாங்கள் கத்தோலிக்கர் அண்ணன், ஆராதனை என்று சொல்லாமல் பூசை, செபமாலை என்றுதான் சொல்வோம். ஆனால் நீங்கள் கேட்டது விளங்குகிறது. எங்கள் அப்பாவின் கதை ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

அப்பா வெள்ளாண்மைக்காரர். எங்கள் பக்கத்தில் புல்லுப் பிடுங்க வருகிற பெண்களுக்குக் கூலியை இழுத்தடிப்பது புதினமான விஷயம் இல்லை. சூடடித்து நெல்லு விற்ற பிறகு வா என்பார்கள், வந்தால் வியாபாரி இன்னும் காசு தரவில்லை என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார், கெட்ட மனிதர் என்று அதற்காக ஒருவரும் சொல்லவில்லை, ஊர் வழமை அது. பொழுதுபட்டால் எங்கள் வீட்டில் செபமாலை. பாய் விரித்து எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும், அப்பாதான் தொடங்குவார். கூலி கேட்டு வருகிறவர்கள் செபம் நடக்கிறதைக் கண்டால் மரியாதைக்கு முற்றத்தில் குந்தியிருந்து காத்திருப்பார்கள். சில நேரம் அவர்களில் ஒருவர் எங்களோடு சேர்ந்து வெளியில் இருந்தே மறுமொழியும் சொல்வார்.

அப்படி ஒருநாள், கர்த்தர் கற்பித்த செபத்தில் அன்றாட உணவை இன்று தாரும் என்கிற இடத்தை நாங்கள் வீட்டுக்குள் சொல்ல, அதே வரியை முற்றத்தில் இருந்த அந்த அம்மாவும் சொல்கிறார். அவருடைய அன்றாட உணவு அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது! அப்பா நிறுத்திவிட்டார். நாங்கள் மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்தோம். எழும்பி வெளியே போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து தொடங்கினார். முழங்கால் நோக நோக எங்களுக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே.

அதற்குப் பிறகு அன்றைய கூலி அன்றைக்கே, பொழுது படமுன். கொடுத்து முடித்த பிறகுதான் பாய் விரிப்பது. கூலியாளின் கூலியை அன்றைக்கே சூரியன் மறையும் முன் கொடு என்று வேதாகமத்தில் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில் இருப்பது அப்பாவுக்கு அப்போது தெரியாது, பிறகு சுவாமி சொல்லித்தான் தெரியும். இதற்கு எங்கள் வீடு கொடுத்த விலையும் சும்மா இல்லை. கையில் காசு இல்லாத போகத்தில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, அம்மா வாயைத் திறந்தே பேசினார். மற்றப் போடிமாருக்கும், வயல்காரருக்கு, இது பிடிக்கவில்லை. நீ இப்படிக் கொடுத்தால் எங்களிடமும் கேட்பாளுகள் என்று வட்டையில், வயல்வெளியில் வைத்தே சொன்னார்கள். கேட்டார்கள்தான்.

தாண்டவன்வெளி அக்கா:
தம்பி, உங்கள் அப்பாவுடையதைப் போல அழகாகச் சொல்ல எனக்கு வராது. நான் 2019ஐப் பற்றிச் சொல்கிறேன். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்புச் சீயோன் சபையில் குண்டு வெடித்ததும் அதில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்பதும் இங்கே ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு, 28ஆம் திகதி, எங்களுக்குக் கோயிலில் பூசை இல்லை. கொழும்புப் பேராயர் தன்னுடைய இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டிவியில் பார்த்தோம். பூசைக்கு டிவியின் முன் முழங்காலில் நிற்பேன் என்று நான் நினைத்ததே இல்லை, கொரோனா வந்து அதையும் பழக்கிவிட்டது.

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் எங்களுக்குத் துணி தைத்துத் தருகிற ஒரு நானா இருந்தார். என் கலியாணச் சட்டையும் அவர் தைத்ததுதான். குண்டுக்குப் பிறகு அவர் கோல் எடுத்தார், நான் எடுக்கவில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்கவில்லை.

கோயில் திறந்த பிறகு வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும், ஆமிக்காரர் நிற்பார்கள். அன்றைக்கு மன்றாட்டு வாசிக்கிற முறை என்னுடையது. தாளைப் பார்த்தால் நமக்குத் தீங்கு செய்தவர்களுக்காக என்று ஒன்று. இதை நான் வாசிக்க மாட்டேன் என்று சுவாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை, "சரி மகள், நீங்க வாசிக்க வேணாம், ஆனா மன்றாட்டு இருக்கும்" என்றார். வேறொரு பிள்ளை வாசித்தாள். முடிந்ததும் சனம் எல்லாம் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்ல, என் வாயும் சொல்லிவிட்டது! மனசு சம்மதிக்கவில்லை, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கோயிலுக்குள்ளேயே எனக்கு அழுகையும் ஆத்திரமும். மனசு இல்லாமல் சொல்வது வேஷம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கென்றால் அன்றைக்கு வாய்தான் முன்னுக்குப் போனது, மனசு அவர்களின் நோன்பு மாதம் முடிகிற நேரத்தில் மெதுவாகப் பின்னால் வந்தது. கோல் எடுத்து "நானா, கடை திறந்திருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவரும் வேறெதுவும் கதைக்கவில்லை, "வாங்க தங்கச்சி" என்றார். இன்றைக்கும் கோயிலில் யாராவது பையோடு பிந்தி வந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன், அது போகவில்லை.

கீபோர்ட் தம்பி, கல்முனை:
எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் குழப்புகிறேன். நான் சபையில் கீபோர்ட் வாசிக்கிறேன். எந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்தால் சனம் கண்ணை மூடும், எங்கே ஏற்றினால் அழும் என்று எனக்குத் தெரியும். அழுதுவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை பிடிப்பதையும் காண்கிறேன். உங்கள் பாட்டுகளின் இரைச்சலை அகற்று என்று ஆமோஸ் தீர்க்கதரிசி எழுதியது எங்களைப் பார்த்துத்தானோ என்று யோசிப்பதுண்டு. மேலே சொன்ன மூன்றிலும் பாட்டே இல்லை, கவனித்தீர்களா?

கல்லடிக்காரன்:
கவனிக்கவில்லை தம்பி. ஆனால் பாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அம்மா சமைக்கும்போது முணுமுணுப்பது முழுக்கக் கீர்த்தனைதான். பொடியன், உங்கள் வீட்டில் அந்தக் கூலி வழக்கம் இப்பவும் இருக்கிறதா?

சொறிக்கல்முனைப் பொடியன்:
இருக்கிறது அண்ணன். அப்பா போய்விட்டார், பெரியண்ணன்தான் வயல் பார்க்கிறார். புல்லுக்கு இப்போது எண்ணெய், அதாவது களைநாசினி, அடிக்கிறோம், வெட்டுக்கு மிஷின் வருகிறது, கூலிக்கு வருகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்குப் பின்னேரமே கொடுத்துவிடுவார். செபமாலைதான் குறைந்துவிட்டது, பிள்ளைகளுக்கு டியூஷன், அண்ணிக்கு நாடகம். அம்மா மட்டும் பாயை விரித்துத் தனியாகச் சொல்கிறார். கூலி கொடுக்கிற வழக்கம் இவன்களின் பிள்ளைகள் காலத்தில் நிற்குமா என்று அவர் கேட்கிறார், அண்ணன் நிற்கும் என்கிறார்.