நண்பர் வீட்டில் கேட்ட கதையை எழுதலாமா?

கேள்வி – அரூர்க்காரன்
அனைவருக்கும் வணக்கம். அவ்வப்போது சிறுகதை எழுதுகிறேன். தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் உள்ள லம்பாடித் தண்டா (லம்பாடி மக்களின் குடியிருப்பு) ஒன்றைச் சேர்ந்தவர் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய பாட்டி தம் முன்னோரைப் பற்றி ஏதாவது சொல்வார். நண்பர் அதைத் தமிழில் எனக்கு எடுத்துச் சொல்வார். பொதிமாடு ஒன்று வழியில் படுத்துவிட, அந்த இடத்திலேயே குடும்பமும் தங்கிவிட்ட கதை நெடுநாளாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன். விருந்தாளியாகச் சென்று கேட்டதை எழுதுவது முறையா?

பதில் – கிருஷ்ணகிரி வாத்தியார்
தாராளமாக எழுதுங்கள் தம்பி, ஆனால் அந்த மாட்டின் பின்னணியைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். உப்பையும் தானியத்தையும் மாட்டின் முதுகில் ஏற்றி நாடு முழுவதும் கொண்டு சேர்த்தவர்கள் லம்பாடிகள். படைகளுக்கும் அவர்களே தானியம் சுமந்தார்கள். இரயில் வந்தபின் அந்தப் பிழைப்பு படுத்தது. போதாக்குறைக்கு, ஆங்கிலேயர் 1871இல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் ஊர் ஊராகச் சென்று பிழைத்த பல சமூகங்களைச் சந்தேகக் கண்ணுக்கு ஆளாக்கியது. இவற்றையெல்லாம் அறிந்தவருக்கு, மாடு படுத்ததனால்தான் குடும்பம் தங்கியதா என்ற ஐயம் தானே எழும். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் கணவரின் பணி நிமித்தம் நீலகிரியில் வாழ்ந்து, படகர்களோடு பழகியே 'குறிஞ்சித்தேன்' நாவலை எழுதினார். பிறப்பால் அவரும் வெளியாள்தான்.

பதில் – தண்டாப் பெண்
நான் அந்தச் சமூகத்தில் பிறந்தவள், அண்ணா. எங்களைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் கண்ணாடி பதித்த பாவாடையோடும் ஆட்டத்தோடும் நின்றுவிடுகிறார்கள். சிட்லிங்கியில் அந்தத் தையலே ஏறக்குறைய மறைந்து, முதிய பெண்கள் ஓரிருவரின் கையில் மட்டும் மிஞ்சியிருந்து, பின்னர் 'போர்கை' என்ற கைவினைப் பெண்கள் அமைப்பின் வழியாக இளம்பெண்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர்கள் கதையில் வருவதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: பேரன் எப்போதும் சுருக்கித்தான் சொல்வான், அதிலும் விருந்தாளி முன்னால் வீட்டுக் குறைகளை விழுங்கிவிடுவான். பாட்டி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் அமர்ந்து, அந்த மாட்டின் பெயர் என்ன, என்ன நிறம், அதன் முதுகிலிருந்த பொதியை யார் இறக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எழுதியபின் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பதில் – தளி வாசகன்
கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டார் அனைவரும் ஒப்புக்கொண்ட கதை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை போலத்தான் இருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எங்கள் பக்கத்தில், அடுத்த வீட்டுக் கதையை எழுதாதே என்றால் எழுதவே ஒன்றும் மிஞ்சாது. பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். பாட்டியின் குரலில் பேசாமல், திண்ணையில் உட்கார்ந்து பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்கும் அரூர்க்காரனின் குரலிலேயே எழுதுங்கள். அதற்கு உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை.

அரூர்க்காரன்
மூவருக்கும் நன்றி. மாட்டின் பெயரை நண்பரிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்றுத் தயங்கி, உண்மையில் இரண்டு மாடுகள் இருந்ததாகவும், ஒன்று படுத்ததும் மற்றொன்றைக் கடனுக்காக விற்றுவிட்டதாகவும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை காலம் விட்டுவிட்டதாகவும் கூறினார். யாரிடம் விற்றார்கள் என்பது பாட்டிக்குத்தான் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.