பொருள்: எக்ஸ்ட்ராநெட்டுக்குத் தமிழ் (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கான ஆவணப் பகிர்வு மென்பொருள் ஒன்றின் கையேடு தமிழாகிறது. 'வெளியிடு' பொத்தானின் கீழ் மூன்று தெரிவுகள்: இன்ட்ராநெட், எக்ஸ்ட்ராநெட், இன்டர்நெட். அக இணையம், புற இணையம், இணையம் என்று போட்டிருந்தோம். புற இணையத்துக்கும் இணையத்துக்கும் என்ன வேறுபாடு என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்கிறார். சாயப்பட்டறை மட்டும் பார்க்கவேண்டிய விலைப்பட்டியலை ஒருவர் ஊருக்கே திறந்துவிட இந்தக் குழப்பம் போதும். வெள்ளிக்கிழமை அச்சு.
– செ.

*

'புறம்' தவறுதான். எக்ஸ்ட்ராநெட் வெளியே இருப்பதன்று. நிறுவனத்துக்குள் இருக்கும் வலையில், அதாவது இன்ட்ராநெட்டில், ஒரு பகுதியைத் தெரிந்த வெளியாருக்குத் திறந்துவிடுவது.

அமைப்பைப் பாருங்கள். இரண்டு ஃபயர்வால் (வந்துபோவதை வடிகட்டும் தடுப்பு), நடுவே ஒரு துண்டு வலை. வெளிப்பக்கம் போர்ட் 443 (https வரும் வாசல் எண்) ஒன்றுதான் திறந்திருக்கும். நடுவில் இடையாளாக நிற்கும் ப்ராக்ஸி சர்வர் கோரிக்கையை வாங்கி, ஒரே ஒரு போர்ட் வழியாக உள்ளே அனுப்பும். தரவுத்தளம் வெளியாருக்கு நேரே தெரியாது. வெளியார் கணக்குகள் ஊழியர் கணக்குகளோடு கலக்காமல் தனிப் பட்டியலில் இருக்கவேண்டும்: நிறுவனத்துக்கு ஒரு குழு, ஆளுக்கு ஒரு கணக்கு. பட்டறைக்கே ஒரு கடவுச்சொல் என்று கொடுத்தால், வேலையை விட்டுப் போனவர் கையிலும் அது இருக்கும்.

தெருவும் இல்லை, கூடமும் இல்லை. நம்மிடம் அதற்குத் திண்ணை இருக்கிறதே. திண்ணை வலை!
– மு.

*

மு. ஐயா, திண்ணையில் வழிப்போக்கனும் உட்காரலாம். கடவுச்சொல் கேட்கும் திண்ணை எந்த ஊரில்?

'முன்றில்' இருக்கிறது. இல்முன் என்பது முன்றில் ஆனது, இலக்கணப்போலிக்குப் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு. வீட்டுக்கு உரியது, ஆனால் வீட்டுக்குள் இல்லை. அது பிடிக்காவிட்டால் புறப்பொருள் இலக்கணத்தின் நாற்பகுப்பு கைவசம்: அகம், புறம், அகப்புறம், புறப்புறம். அகப்புற வலை என்று வைத்தால் ஐயத்துக்கே இடமில்லை.
– வ.

*

அகப்புறத்தில் அடங்குபவை ஒருதலைக் காதலான கைக்கிளையும் பொருந்தாக் காதலான பெருந்திணையும், ஐயா. ஒரு தரப்பு கோப்பை ஏற்றிக்கொண்டே இருக்க, மறுதரப்பு திறந்தும் பார்க்காத தளத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இன்னொன்று. இன்ட்ராநெட்டை 'அகவலை' என்று சேர்த்து எழுதாதீர்கள். அது ஆசிரியப்பாவின் இன்னொரு பெயரான 'அகவல்' என்பதன் இரண்டாம் வேற்றுமையும் ஆகும். 'விவரங்களுக்கு அகவலைப் பார்க்கவும்' என்றால் படிப்பவர் ஆசிரியப்பாவைத் தேடிப் போவார். வலையே வேண்டாம், பிணையம் என்போம்: அகப்பிணையம், இடைப்பிணையம்.
– தா.

*

ஏற்றுமதியாளருக்குப் பிணையம் என்றால் கடனுக்கு வங்கி கேட்கும் சொத்துப் பத்திரம். செய்தித்தாள் படிப்பவருக்குப் பிணையக் கைதி. எக்ஸ்ட்ராநெட் என்றே விடுங்கள். கோளாறு வந்தால் நிர்வாகி அந்தச் சொல்லைத்தான் தேடப்போகிறார்.

அதோடு ஒரு கேள்வி: ஏற்றுமதியாளர், பட்டறை இரண்டு அலுவலகத்தையும் வி.பி.என். (இணையத்தின் வழியே போடும் மறையாக்கச் சுரங்கம்) போட்டு இணைத்தால் அதுவும் எக்ஸ்ட்ராநெட்தானே?
– ரா.

*

வி.பி.என். போகும் வழிதான், எக்ஸ்ட்ராநெட்டின் இன்னொரு பெயர் அன்று. அதை அப்படியே திறந்தால் ஒரு செயலிக்குப் பதில் வலை முழுவதும் பட்டறைக்குத் தெரியும்.

முதலில் இடிப்பதே வேறு. தனி வலைகளுக்கென 1996இன் ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்) என்றுதான் வருகின்றன. இரு பக்கமும் அதுவே இருந்தால், 192.168.1.20க்கு அனுப்பியது பக்கத்து மேசைக்குரியது என்று கணினி கருதிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் நுழையவே நுழையாது. ஒரு பக்கம் எண்களை மாற்றவேண்டும், இல்லையேல் எண்களை வழியிலேயே மாற்றிக் கொடுக்கும் முகவரி மாற்றம் (நேட்) இரு பக்கமும் வைக்கவேண்டும். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், செ. சொல்லைவிட இது அவசரம்.
– மு.

*

ரா., எக்ஸ்ட்ராநெட்டில் மூன்று புள்ளியெழுத்து வரிசையாக நிற்கிறது. எந்த மெய்ம்மயக்க விதியும் அதை வாசலில் விடாது.

நடுத்துண்டு வலையை, அதாவது டி.எம்.ஸெட்டை (டிமிலிட்டரைஸ்டு ஸோன்), கையேடு 'படைவிலக்கு மண்டலம்' என்கிறதாம். சட்டைத் துணிக்குப் படை எதற்கு? இரு கதவுக்கு நடுவே இருப்பது இடைகழி. திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மழைக்கு ஒதுங்கிய இடம்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். இணைப்பு வரம்பு அப்போதே வைத்துவிட்டார்கள்! இன்றைய ரேழியும் அதன் மரூஉதான்.
– வ.

*

இடைகழி அருமை, எடுத்துக்கொண்டோம்.

பொத்தானில் சொல்லாக்கமே வேண்டாம் என்று முடிவு: 'ஊழியர்களுக்கு மட்டும்', 'கூட்டாளர்களுக்கு', 'எல்லாருக்கும்'. சொற்பட்டியலில் எக்ஸ்ட்ராநெட் என்பது கூட்டாளர் வலை. மு., தா., ரா. மூவரும் சரி என்கிறார்கள், ரா. அரை மனதோடு. முகவரி மோதல் பத்தியும் சேர்ந்துவிட்டது.
– செ.

*

கணக்கரிடம் கேளுங்கள், கூட்டாளர் என்றால் லாபத்தில் பங்கு உள்ளவர். பட்டறைக்காரர் ஜாப் ஒர்க் செய்பவர், அவருக்கு ஏது பங்கு? யாராவது 'கூட்டாளி' என்று சுருக்கிவிட்டால் போலீஸ் செய்திபோல இருக்கும். முன்றிலைப் பின்னிணைப்பிலாவது போடுங்கள்.
– வ.