மனிதர்களைப் பற்றி எழுதும்போது: தவிர்க்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியல் உண்டா?

கேள்வி: இதழ்ப்பணி

தன்னார்வ அமைப்பு ஒன்றின் காலாண்டிதழைத் தொகுக்கிறேன். உறுப்பினர்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகள்தான் அதில் பெரும்பகுதி. அடுத்த இதழுக்கு வந்த ஒன்று இப்படித் தொடங்குகிறது: "சக்கர நாற்காலியில் முடங்கிய நிலையிலும் கணக்காளராகச் சாதித்து வருகிறார்." எனக்கு இது உறுத்துகிறது. ஆனால் என்ன தவறு என்று குழுவில் விளக்க வரவில்லை. 'ஊனமுற்றவர்' என்று எழுதவில்லையே, பிறகென்ன என்கிறார் ஒருவர். ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்கினால் இதழே வெளிவராது என்கிறார் இன்னொருவர். தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?

பதில்: மெய்ப்புநோக்கி

பட்டியல் உங்களுக்கு அதிகம் உதவாது. அந்த வாக்கியத்தில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் உறுத்துகிறது அல்லவா? முதலில் 'முடங்கிய' என்பதைப் பாருங்கள். நாற்காலி இல்லாவிட்டால்தான் அவர் முடங்குவார். அது இருப்பதால் அலுவலகம் போகிறார், வங்கிக்குப் போகிறார். அடுத்தது 'நிலையிலும்'. அந்த 'உம்' இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. இவரிடம் நாம் எதையுமே எதிர்பார்த்திருக்கவில்லை என்று அந்த ஓர் இடைச்சொல் சொல்லிவிடுகிறது. 'சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார்' என்று தேவைப்படும் இடத்தில் எழுதுங்கள். அவருடைய தொழிலைப் பற்றிய கட்டுரை என்றால் முதல் வரியில் வரவேண்டியது தொழில்.

பல ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். எனக்கு அதிகம் கோபம் வருவது வினைமுற்றுகளைப் பார்த்துத்தான். "வீட்டு உரிமையாளர் புகார் கொடுத்தார். வேலைக்காரி மறுத்தாள்." இருவரும் வயதுவந்தவர்கள், இருவரும் ஒரே வழக்கில் இருப்பவர்கள். ஒருவருக்கு 'ஆர்', மற்றவருக்கு 'ஆள்'. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'அவர்', 'வந்தார்' என்பவை எல்லாப் பாலினத்துக்கும் பொது. மரியாதையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவு நல்ல வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளைப் பார்த்து அளந்து கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. தூய்மைப் பணியாளருக்கும் 'ஆர்', குற்றம் சாட்டப்பட்டவருக்கும் 'ஆர்'. இதை மட்டும் உங்கள் குழு ஏற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சில சொற்களை எந்தச் சூழலிலும் விட மாட்டேன். அவற்றில் முதலாவது 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவர்மேல் விழ வேண்டிய பழியைப் பாதிக்கப்பட்டவரின் தலையில் இறக்கிவைக்கிற சொல் அது. நடந்தது பாலியல் வன்கொடுமை, அப்படியே எழுத வேண்டும். தற்கொலை முயற்சியை 'தோல்வி' என்று எழுதினாலும் அடித்துவிடுவேன். உயிர் பிழைத்தது எப்படித் தோல்வியாகும்? ஊடகத்தினருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது.

பதில்: திரைவாசிப்பான்

எனக்குப் பார்வை இல்லை. உங்கள் பதிவுகளைக் கணினி வாசிக்கக் கேட்கிறேன். என்னைப் 'பார்வையற்றவர்' என்றே சொல்லலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. 'மாற்றுத்திறனாளி' பொதுவான இடங்களில் சரி. ஆனால் கூட்ட அழைப்பில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு' என்று மட்டும் போட்டால் எனக்கு ஒன்றும் விளங்காது. சாய்தளம் இருக்கிறதா, சைகைமொழி பெயர்ப்பாளர் வருகிறாரா, நிகழ்ச்சி நிரல் பிரெய்லில் கிடைக்குமா? அதைச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒரே விருப்பம் என்றும் நினைக்க வேண்டாம். 'முதலில் எங்களை மனிதர்களாகச் சொல்லுங்கள்' என்ற கோரிக்கை 1970களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசத் தொடங்கியபோது வலுப்பெற்றது. இன்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் அதற்கு நேர்மாறாக, ஆட்டிசத்தைத் தங்கள் அடையாளமாகவே முன்னால் வைக்கிறார்கள். காது கேளாதோரில் பலர் தங்களை ஒரு மொழிச் சமூகமாகவே கருதுகிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எங்களை 'தெய்வக் குழந்தைகள்' என்று எழுதாதீர்கள். எங்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

பதில்: மரபுவிரும்பி

நோக்கம் நல்லதுதான். ஆனால் 'செவிடன் காதில் ஊதிய சங்கு', 'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல' எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாமா? மேலும், பெயரை மாற்றினால் பார்வை மாறிவிடுமா? இன்றைய நல்ல சொல்லே நாளைக்கு வசையாகிவிடுகிறது.

பதில்: மெய்ப்புநோக்கி

மரபுவிரும்பி ஐயா, பழைய நூலில் இருப்பதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. பழமொழித் தொகுப்பில் அவை அப்படியே இருக்கட்டும். மனுவுக்குப் பதில் வராததைச் சொல்ல அந்தச் சங்கு எதற்கு? 'மனுவைக் கண்டுகொள்ளவில்லை' என்றால் குற்றம் உரியவரிடம் போய்ச் சேர்கிறது. காது கேளாதவர் எதையும் அலட்சியம் செய்யவில்லையே.

சொற்கள் தேய்வது உண்மை. அதற்காக மாற்றாமல் விட முடியாது. டவுன் நோய்க்குறி (Down syndrome) என்ற பிறவி நிலையை ஒரு காலத்தில் மங்கோலிய இனத்தின் பெயரால் அழைத்தார்கள். 1961இல் அறிவியலாளர்கள் அதை எதிர்த்து எழுதினார்கள். 1965இல் மங்கோலியாவின் வேண்டுகோளை ஏற்று உலக சுகாதார நிறுவனமும் அந்தப் பெயரைக் கைவிட்டது. 2015இல் புதிய நோய்களுக்கு ஊர், மக்கள், விலங்கு ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று அதே நிறுவனம் வழிகாட்டியது. நோய்க்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டால் அந்த ஊர்க்காரர்தான் தெருவில் அவமானப்படுகிறார். பெயர் மாறியதும் பார்வை மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அவமானத்துக்கு என் கையால் அச்சேற்ற மாட்டேன்.

இதழ்ப்பணி

மிகவும் நன்றி. வினைமுற்று விஷயத்தைக் குழுவில் வைக்கிறேன். இன்னொன்று: எங்கள் உறுப்பினர் ஒருவர் திருநங்கை. பழைய இதழ்களில் அவருடைய முந்தைய பெயர் இருக்கிறது. அறிமுகத்தில் 'முன்பு இன்னார்' என்று அடைப்புக்குறியில் போடலாமா?

பதில்: மெய்ப்புநோக்கி

வேண்டாம். இப்போதைய பெயர் மட்டும் போதும், பள்ளிப்பருவத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அதே பெயர். 'பாலினக் கோளாறு' என்று யாராவது எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இது மனநலக் கோளாறுகளின் பட்டியலில் இல்லை. அவர் திருநங்கை என்பதைக் கட்டுரையில் குறிப்பிடுவதா என்பதும் அவர் முடிவுதான். எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய இதழ்களின் மின்பதிப்பில் பெயரை மாற்ற விரும்புகிறாரா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் உள்ளடக்கப் பட்டியலையும் படக்குறிப்புகளையும் சேர்த்துத் திருத்த வேண்டும். கட்டுரையில் மாறி, இவற்றில் மட்டும் பழைய பெயர் தங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.