டிபை-ஷெரர் கேமரா: கோணம் குறையக் குறைய அணிக்கோவை மாறிலியும் குறைகிறது, ஏன்?

உப்புக்கல்:
114.6 மி.மீ. விட்டமுள்ள பழைய டிபை-ஷெரர் பவுடர் கேமரா (பொடியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறும் கதிரைச் சுற்றியுள்ள ஃபிலிமில் கோடுகளாகப் பதிவது). செம்பு ஆனோடு, நிக்கல் ஃபில்டர். மாதிரி சோடியம் குளோரைடு, பொடியாக்கி 0.5 மி.மீ. கண்ணாடிக் கேப்பிலரியில் அடைத்தது. ஃபிலிம் ஸ்ட்ராமானிஸ் முறையில் போட்டது. லைட் பாக்ஸில் வைத்து அளந்தால் அணிக்கோவை மாறிலி, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுர அலகின் பக்க நீளம், (200) கோட்டிலிருந்து (அடைப்பிலுள்ளவை அணுத்தளங்களின் குறியெண்கள்) 5.613 ஆங்ஸ்ட்ரோம் வருகிறது, (420)-இலிருந்து 5.632, (622)-இலிருந்து 5.639. மூன்றுக்கும் அலைநீளம் 1.5418 என்றே போட்டேன். வர வேண்டியது 5.640.

வெறும் அளவைப் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். இது ஒரே திசையில் நகர்கிறது. ஃபிலிம் சுருங்கிவிட்டதா, கேமராவின் ஆரமே தவறா, கேப்பிலரி மையம் தப்பியதா? எதை முதலில் பார்ப்பது?

இருட்டறை:
முதலில் ஃபிலிம். கழுவி உலர்ந்ததும் அது கொஞ்சமாவது சுருங்கும். ஸ்ட்ராமானிஸ் முறையின் அழகே அதைக் கண்டுபிடிக்க வெளி அளவுகோல் எதுவும் தேவையில்லை என்பதுதான். கதிர் நுழையும் துளை, வெளியேறும் துளை இரண்டும் ஒரே ஃபிலிமில் இருக்கின்றன. துளையின் விளிம்பை அளக்காதீர்கள். பஞ்ச் செய்த துளை எப்போதும் மையத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இடமும் வலமுமாக இருக்கும் வில் ஜோடிகளை (ஒவ்வொரு கோடும் இப்படி இரண்டு வில்லாக விழும்) அளந்து, சராசரியெடுத்து, மையத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு மையங்களுக்கும் இடைத்தூரம் 180 பாகை. உங்கள் கேமராவில் அது 180.0 மி.மீ. இருக்க வேண்டும். 179.6 வந்தால் எல்லாக் கோணங்களையும் அந்த விகிதத்தில் திருத்துங்கள்.

எந்தத் துளை எது என்று குழப்பமா? நுழைவுத் துளையை ஒட்டிய கோடுகள் இரட்டையாகப் பிரிந்திருக்கும்.

கோணமானி:
மேலே சொன்ன திருத்தத்தைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பிழைக்கு அது காரணமில்லை, திசையே எதிர்மாறு. சுருங்கிய ஃபிலிமில் கோணம் குறைவாகத் தெரியும், மாறிலி கூடும். 0.2 சதவீதச் சுருக்கம் (200)-இல் ஏறத்தாழ 5.651 காட்டியிருக்கும்.

ஆரப் பிழையும் இல்லை. அப்படியிருந்தால் (200)-இலும் (420)-இலும் பிழை கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். உங்களுக்கு 0.027, 0.008, 0.001 என்று மளமளவென்று விழுகிறது. இப்படி விழுவது உட்கவர்தலின் அடையாளம். செம்புக் கதிரைச் சோடியம் குளோரைடு நன்றாகவே விழுங்கும். 0.5 மி.மீ. தடிமனில் உள்ளே போன கதிர் வெளியே வருவதில்லை; கேப்பிலரியின் ஓரத்தோல் மட்டும்தான் கோடு போடுகிறது. சிறு கோணக் கோடுகள் அதனால் வெளிப்பக்கம் தள்ளி விழுகின்றன. (200)-இல் வில்லுக்கு வில் தூரம் 63.46 மி.மீ. இருக்க வேண்டியது, உங்கள் 5.613-ஐத் திருப்பிக் கணக்கிட்டால் 63.77 வருகிறது. பக்கத்துக்கு 0.15 மி.மீ. தள்ளல். கேப்பிலரியின் ஆரமே 0.25 என்பதால் இது நியாயமான அளவுதான்.

நெல்சன்-ரைலி திருத்தம் (1945) இதற்காகவே வந்தது. தீட்டாவின் (கதிர் விலகும் கோணத்தில் பாதி) கொசைன் வர்க்கத்தை அதன் சைனால் வகுங்கள். அதே கொசைன் வர்க்கத்தை ரேடியனில் உள்ள தீட்டாவாலும் வகுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். உங்கள் மூன்று கோடுகளுக்கும் 3.34, 0.99, 0.18 வருகிறது. இதைக் கிடை அச்சிலும் மாறிலியை நிலை அச்சிலும் வைத்து நேர்கோடு போடுங்கள். சரிவு சுமார் 0.008, பூஜ்யத்தில் வெட்டும் இடம் 5.640. அதற்கு முன் 1932-இல் பிராட்லியும் ஜேயும் வெறும் கொசைன் வர்க்கத்தையே வைத்தார்கள். தீட்டா 60 பாகைக்கு மேலுள்ள கோடுகள் மட்டும் இருந்தால் அதுவும் போதும். (200) போன்ற கோடுகளையும் சேர்த்தால் அது வளைந்துவிடும்.

இருட்டறை:
திசையை நான் யோசிக்கவில்லை, சரிதான்.

மெல்லிழை:
வரைபடத்தில் திருத்துவது இருக்கட்டும், பிழையை மாதிரியிலேயே குறைக்கலாமே. கேப்பிலரியை 0.3 அல்லது 0.2 மி.மீ. ஆக்குங்கள். இன்னும் நல்லது, மெல்லிய கண்ணாடி இழையில் துளி வாசலின் தடவிப் பொடியில் புரட்டி எடுப்பது. கேப்பிலரிதான் வேண்டுமென்றால் லிண்டெமன் கண்ணாடி. அதில் லித்தியம், பெரிலியம், போரான் போன்ற இலேசான தனிமங்கள்தான், கதிரை அதிகம் தின்னாது. ஈரத்தில் கெடும் என்பதால் மூடி வையுங்கள்.

பொடி 325 மெஷ் சல்லடையில் இறங்க வேண்டும், அதாவது 44 மைக்ரானுக்குள். கோடுகள் சீராக இல்லாமல் புள்ளி புள்ளியாக விழுந்தால் துகள் பெரிது. அல்லது மோட்டார் சுற்றவேயில்லை. இரண்டாவதைத்தான் முதலில் பாருங்கள். பழைய கேமராக்களில் பெல்ட் நழுவுவது சாதாரணம்.

மையப்படுத்தலையும் விட்டுவிடாதீர்கள். கதிருக்குக் குறுக்காக நகர்ந்திருந்தால் இடவில், வலவில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கதிரின் திசையில் நகர்ந்திருந்தால் ஈடாகாது. உட்கவர்தலைப் போலவே சிறு கோணத்தைக் கெடுக்கும். லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே தண்டைக் கையால் சுற்றுங்கள், மாதிரி மேலே ஏறும் இடத்தில் நிறுத்தி, தள்ளுதிருகால் ஏற்றத்தில் பாதியை மட்டும் அமுக்குங்கள், திருகைப் பின்வாங்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். முழுவதையும் ஒரே தள்ளில் அமுக்கினால் மறுபக்கம் போய்விடும். ஆட்டம் நிற்கும்வரை திரும்பத் திரும்ப.

அப்புறம், ஷட்டரைத் திறக்குமுன் கதிர் முடியும் முனையில் ஒளிர்திரைக்குப் பின்னால் ஈயக் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேமராக்களில் அது காணாமல் போயிருக்கலாம். அது இல்லாமல் அந்த முனையைக் கண்ணால் பார்ப்பது நேர்க்கதிரைப் பார்ப்பதுதான்.

உப்புக்கல்:
மைய இடைத்தூரம் 179.9 வந்தது, திருத்திவிட்டேன்; மாறிலிகள் பெரிதாக மாறவில்லை. நேர்கோடும் சரியாக உட்காருகிறது. ஒரு சந்தேகம்: நுழைவுத் துளையருகே (640) மங்கலாக இரண்டு கோடாகத் தெரிகிறது, இடைவெளி சுமார் 1.7 மி.மீ. எதை எடுப்பது? 1.5418 அதற்கும் பொருந்துமா?

கோணமானி:
பொருந்தாது. அது செம்பு உமிழும், மிக நெருங்கிய இரண்டு கதிர்களின் (கே-ஆல்பா ஒன்று, இரண்டு) எடைச் சராசரி. பிரியாத கோட்டுக்கு மட்டுமே. பிரிந்துவிட்டால் கே-ஆல்பா ஒன்றுக்கு 1.5406, இரண்டுக்கு 1.5444. துளையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏறத்தாழ இரு மடங்கு கருமையாக இருப்பது கே-ஆல்பா ஒன்று. துளையை ஒட்டியது கே-ஆல்பா இரண்டு. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள், ஒத்துவராவிட்டால் கோட்டை மாற்றிப் படித்திருக்கிறீர்கள்.

(622)-ஐயும் மறுபடி பாருங்கள். அங்கே பிரிவு 0.6 மி.மீ.தான். தடித்த மாதிரியில் அது கலங்கி ஒரே பட்டையாகும், மெல்லிய மாதிரியில் பிரியும். கருமையான பாதியை மட்டும் அளந்து 1.5418 போட்டால் மாறிலி 0.0044 கூடிவிடும். உங்கள் 5.639 நேர்கோட்டில் உட்காருவதால் பட்டையின் நடுவைத்தான் அளந்திருக்கிறீர்கள் என்று படுகிறது. மெல்லிழை சொன்னபடி அடுத்த ஃபிலிம் எடுக்கும்போது இது மாறும், கவனம்.

உருப்பெருக்கத்தையும் கூட்ட வேண்டாம். அதிகமாகப் பெரிதாக்கினால் கோடு கரைந்து வெள்ளித் துகள்கள்தான் தெரியும். வெர்னியரும் இலேசான லென்ஸும் 0.05 மி.மீ. வரை தரும்.

நான்காம் தசமத்தை எழுதப் போகிறீர்கள் என்றால் அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். சோடியம் குளோரைடு 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 0.002 ஆங்ஸ்ட்ரோமுக்கு மேல் விரியும்.