குரங்குக் குல்லாவில் தொடங்கிய முகமூடி

தண்டையார்பேட்டையிலிருந்து:

நான் செய்த முதல் முகமூடி தாத்தாவின் குரங்குக் குல்லா. தைத்தேன் என்று சொல்ல மாட்டேன், வெட்டினேன்.

2006 ஏப்ரல். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை நேரம். டிவியில் வருகிற WWE மல்யுத்தத்தின் பெரிய போட்டியான ரெசில்மேனியா 22-இல், முகமூடி போட்டு ஆடும் ரே மிஸ்டீரியோ ஒரே ஆட்டத்தில் கர்ட் ஆங்கிளையும் ராண்டி ஆர்ட்டனையும் சமாளித்து உலகப் பட்டம் வாங்கியிருந்தார். எங்கள் தெருவில் பரீட்சையைவிட அதுதான் பேச்சு. அண்டர்டேக்கர், பிக் ஷோ என்று பனைமரம் பனைமரமாக நிற்கிற ஆட்களுக்கு நடுவே இவர் மட்டும் எங்கள் பி.டி. சார் உயரம். மல்யுத்தக்காரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு ஆடும்போது உயரம், எடை என்று கேட்டுவிட்டால் இவர் கார்டு வைத்திருப்பவன் காலி. ஆனாலும் எங்களைப் போன்ற சோனிகளுக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

முகமூடி வேண்டும். கடையில் விற்றது பிளாஸ்டிக்கில் ரப்பர் கயிறு போட்டது, ஓடினால் மூக்குக்கு இறங்கிவிடும். அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் இருந்த குல்லா ஞாபகத்துக்கு வந்தது. மரூன் கலர் கம்பளி. மார்கழிக்கு மட்டும் வெளியே வரும். அதில் முகம் தெரிகிற பக்கம் ஏற்கெனவே பெரிய ஓட்டை. அதைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, மூடியிருக்கிற பக்கத்தில் கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வெட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பின்னல் துணியை வெட்டினால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கண்ணி விட்டால் அடுத்த கண்ணியும் கூடவே கழன்று வரும். மூன்று மணிக்கு ரெண்டு கண் இருந்தது. ஐந்து மணிக்கு மூக்குக்கு மேலே ரெண்டும் சேர்ந்து ஒரே கண். ஆறு மணிக்கு அம்மா பார்த்துவிட்டார்.

அம்மா அப்போது எம்.சி. ரோடு கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். முதுகில் ரெண்டு வைத்தார். அப்புறம் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மார்கழிக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு, தாத்தாகிட்ட மூச்சு விடாதே" என்றார். நான் காட்டிய டிரம்ப் கார்டை மெஷின் மேல் சாய்த்து வைத்தார்.

துணி தேடியதுதான் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பழைய துணி மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அப்பாவின் சட்டை, ஊகூம். கைலி, ஊகூம். அக்காவின் ஆண்டு விழா டான்சுக்கு வாங்கிய நீல டைட்ஸ் கைக்கு வந்ததும் நீளத்தில் ஒரு இழு, அகலத்தில் ஒரு இழு. "எந்தப் பக்கம் அதிகமா இழுவுதோ, அது காதுலேருந்து காதுக்குப் போகணும். மாத்தி வெட்டினா தலைக்குள்ளேயே போகாது." வெள்ளை டிசைனுக்குத் தாத்தாவின் கை வைத்த பனியன். ஆக இந்தக் கதையில் தாத்தாவின் துணி ரெண்டு போனது.

தலைச்சுற்று இருபதரை இன்ச். துணி இழுபடுகிற துணி என்பதால் ஒரு இன்ச் கழித்துக்கொண்டார். தினசரிப் பேப்பரை ரெண்டாக மடித்து, என்னைப் பக்கவாட்டில் நிற்க வைத்து நெற்றி, மூக்கு, தாடை என்று ஓரம் வரைந்தார். நடுவில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே தையல், மூக்கு வருகிற இடத்தில் மட்டும் வெளியே வளைவு. "ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற மாதிரிதாண்டா, இது மூக்குக்கு" என்றார். அதுவரை அம்மா தைப்பது ஒரு பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தட்டையான பேப்பரிலிருந்து என் மூக்கு எழுந்து வருவதைப் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கண்ணில்தான் ஒரு தப்பு நடந்தது. துணியைத் தரையில் விரித்து அளந்து குறித்தோம். மாட்டிப் பார்த்தால் குறி புருவத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. இழுபடுகிற துணியில் எல்லா இடமும் நகரும். அதனால் மாட்டிக்கொண்ட பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து சாக்பீஸால் புள்ளி வைத்தார். ஓட்டையை எட்டணா காசு அளவுக்குத்தான் வெட்டினார். பத்தாது என்று அழுதேன். தலையில் ஏறியதும் அதுவே கண் அளவுக்கு விரிந்துகொண்டது. ஓரத்துக்குப் பனியன் பட்டி. குல்லா பட்ட பாடு இதற்கு வரக் கூடாதாம்.

மறுநாளே மொட்டை மாடியில் ஆட்டம். கோரைப்பாய், அதன் மேல் பஞ்சு போன மெத்தை, நாலு பிளாஸ்டிக் சேர், சுற்றிலும் துணி காயப்போடுகிற நைலான் கயிறு. எதிராளி பக்கத்து வீட்டுப் பையன், என்னைவிட ஒரு வயசு பெரியவன். நான் தோற்றால் முகமூடியைக் கழற்ற வேண்டும், அவன் தோற்றால் அவனுடைய கார்டு கட்டு மொத்தமும் எனக்கு. மெக்சிகோவில் நிஜமாகவே இப்படிப் பந்தயம் வைப்பார்கள், அங்கே முகமூடியைத் தோற்பது பட்டம் தோற்பதைவிடப் பெரிய விஷயம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. வெள்ளி முகமூடிக்கார எல் சாண்டோ 1984-இல் இறந்தபோது முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

என் பந்தயம் ரெண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. பின்னாலிருந்து அவன் பிடித்து இழுத்தான். நடுத்தையல் படபடவென்று நெற்றியிலிருந்து மூக்கு வரை விட்டுப்போனது. துணி கிழியவில்லை, நூல்தான் அறுந்தது. நானே கழற்றாததால் தோல்வி செல்லாது என்று நானும், செல்லும் என்று அவனும் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

அம்மா நூலைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். துணி இழுபடுகிறது, நேர்த்தையல் இழுபடாது. எங்களுடையது கால் மெஷின், நேர்த்தையலைத் தவிர வேறு தெரியாது. அதனால் இந்த முறை துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். மேலே கையால் ஒரு பின்தையல். பின்பக்கம் திறப்பு வைத்து லேஸ் கட்டினால்தான் இறுக்கமாக நிற்கும், அது தன் வேலை இல்லை என்று என்னை மார்க்கெட் ஓரத்தில் செருப்பு தைக்கிற அண்ணனிடம் அனுப்பினார்.

அந்த அண்ணன் முகமூடியைத் தன் முட்டியில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் துணியில் லேஸ் கோக்கிற ரிங் அடித்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று பழைய ரெக்ஸின் பையிலிருந்து ரெண்டு பட்டி வெட்டித் தைத்து, அதில் பக்கத்துக்கு ஆறு ரிங் அடித்தார். அதோடு விடவில்லை. உள்ளே நீளமாக ஒரு துண்டு வைத்தார். எதுக்குண்ணா என்றேன். "ஷூவுக்கு நாக்கு இல்லாம லேஸ் கட்டுவியா? முடி மாட்டிக்கினா யாரு அழுவுறது?" பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கல்லூரிக் காலத்தில் ஒருநாள் படித்தேன். மெக்சிகோவில் மல்யுத்தத்துக்கு என்றே அளவெடுத்து முகமூடி செய்து கொடுத்தவர், அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற ஷூ தைக்கிறவர். 1934-இல், தோலில். இன்றைக்கும் அந்த ஊர் முகமூடிகளுக்குப் பின்பக்கம் லேஸும் உள்ளே நாக்கும் உண்டு. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு இதை யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? லேஸைப் பார்த்ததும் நாக்கு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

லேஸைத் தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அம்மா மெஷினில். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். மிச்சம் தாத்தா. அவர் பாக்ஸிங் பைத்தியம். வடசென்னை பாக்ஸிங் குழுக்கள் 'பரம்பரை' என்ற பெயரில் கட்சி கட்டி மோதிய காலத்தில், அண்டை அயலை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனவர். "மூஞ்சிய மூடிக்கினு சண்டை போடறவன்லாம் ஒரு ஆளா?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே என்னை முன்னால் உட்கார வைத்து லேஸைக் கோத்தார். ஒவ்வொரு ரிங்குக்கும் ஒரு இழு. முடிச்சுப் போட்டு, நுனி ரெண்டையும் பட்டிக்கு உள்ளே செருகிவிட்டார். வெளியே தொங்கினால் எதிராளி கண்ணில் அடிக்கும், கிளவுஸுக்கு அப்படித்தான் கட்டுவார்களாம். கடைசியில் கழுத்துப் பக்கம் லேஸுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "ஒரு விரல் போகணும். போகலைன்னா மூச்சு முட்டும். ரெண்டு போச்சுன்னா உருவிடுவான்."

பனியன் துணியை அவர் அடையாளம் கண்டுகொண்டாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

அந்த ஜோரில் படியிறங்கி ஓடினேன். கரண்ட் இல்லை. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு எதிர் வீட்டு ஆயா காலிக் கூடையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். நீலத் தலை, வெள்ளைக் கண். ஆயா கத்தவெல்லாம் இல்லை. கூடையை எடுத்து என் தலையில் கவிழ்த்து, மேலே ரெண்டு குத்து விட்டுவிட்டுத்தான் "எவண்டா அவன், கஸ்மாலம்" என்று கேட்டார். முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டலாம் என்றால் முடிச்சு பின்னால் உள்ளே செருகியிருக்கிறது. "ஆயா நான்தான், ஆயா நான்தான்" என்று கூடைக்குள்ளிருந்து கத்தினேன். மூன்று முறை அலசியும் மீன் நாற்றம் முழுதாகப் போகவில்லை. டைட்ஸ் துணி அதையெல்லாம் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புளியந்தோப்பிலிருந்து:

நீங்களாவது மிஸ்டீரியோ. நான் கேன், அதே மல்யுத்தத்தில் முகமூடி போட்டு வந்த இன்னொருவர். அக்காவின் பழைய சிவப்பு வெல்வெட் ரவிக்கையை வெட்டி, தைக்கத் தெரியாமல் பசை போட்டு ஒட்டினேன். வாய்க்கு ஓட்டை வைக்கவில்லை, ஏனென்றால் கேன் பேச மாட்டார். மே மாச வெயிலில் பத்து நிமிஷம் தாக்குப் பிடித்தேன். கழற்றினால் வியர்வையில் சாயம் மொத்தமும் முகத்தில். ரெண்டு நாள் அப்படியே திரிந்தேன். நிஜ கேன் 2003-லேயே முகமூடியைக் கழற்றிவிட்டார் என்ற தகவல் எங்கள் தெருவுக்கு அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. யாராவது சாயத் துணியில் தைப்பதாக இருந்தால் முதலில் ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் விடுகிறதா என்று பாருங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

தையல் கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் இழையைக் குத்தி அறுத்துவிடும். அப்புறம் சின்னச் சின்ன ஓட்டை விழும். முனை மழுங்கலாக, பால் பாயிண்ட் ஊசி என்று கேட்டால் கொடுப்பார்கள். மெஷினில் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகிற தையல்) இருந்தால் அதன் அகலத்தைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள், இழுத்துப் பிடிக்கிற தொல்லை இல்லை. பழைய கிரிக்கெட் ஜெர்சி இருந்தால் டைட்ஸைவிட அது நல்லது, காற்றுப் போகும். சின்னப் பிள்ளைக்கு லேஸ் வேண்டவே வேண்டாம், பின்னால் எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். அவசரத்துக்குப் பிள்ளையே உருவிப் போட்டுவிடும். ஆயா கூடையை எடுத்தால் தப்பிக்கவும் வசதி.

தண்டையார்பேட்டையிலிருந்து, மறுபடி:

எலாஸ்டிக் சொன்னதற்கு நன்றி அக்கா, கொஞ்சம் முன்னாடி தெரியாமல் போச்சு. இந்தக் கதையே எனக்கு இப்போது ஞாபகம் வந்தது என் சொந்த அக்கா மகனால்தான். எட்டு வயசு. மஞ்சள் ஜெர்சி ஒன்று கழுத்து போய்க் கிடந்தது, அதில் போன ஞாயிற்றுக்கிழமை தைத்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் தைத்தார். மூக்கு மட்டும் எனக்கு வரவே இல்லை. மூன்று முறை பிரித்தேன். நாலாவது முறை அம்மாவே கையில் வாங்கி, பார்க்காமல் விரலால் தடவியே வளைவைப் பிடித்துக் குண்டூசி குத்திக் கொடுத்தார்.

பின்பக்கம் பழைய வழக்கத்தில் லேஸ் வைத்துவிட்டேன், வாரக் கடைசிக்குள் மாற்றிவிடுகிறேன். தாத்தா கட்டுவது எப்படி என்று பையனிடம் சொல்லிக்கொண்டே கட்டினேன். அவன் கண்ணாடி பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை. கழுத்தைக் குனிந்து காட்டிக்கொண்டு, "விரல் போகுதான்னு பாரு மாமா" என்றான்.